கல்லறையும் மரவியல் பூங்காவும்: இலண்டன் அப்னி பூங்கா இடுகாட்டின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

1840ஆம் ஆண்டு இலண்டன் மாநகரின் வடபகுதியான ஸ்டோக் நியூவிங்டனில் திறக்கப்பட்ட அப்னி பூங்கா இடுகாடு, இறந்தோரை அடக்கும் இடமாகவும் பொதுமக்கள் கற்றுக்கொள்ளும் மரவியல் பூங்காவாகவும் ஒருங்கே அமைக்கப்பட்டது. இங்கிலாந்துத் திருச்சபையைச் சாராத கிறித்தவர்கள், ஆயரின் புனிதச் சடங்கின்றி ஒரு நிலத்தை மதிப்புக்குரியதாக்க மேற்கொண்ட முயற்சியோடு இம்மரத்தொகுதி பிணைந்திருந்தது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. அம்மரத்தொகுதி அழிந்தமைக்கு, கல்லறை நிலத்தை விற்றுப் பூங்காவைப் பேணும் நிதியமைப்பே அடிப்படைக் காரணம் என்பதை அமெரிக்காவின் மவுண்ட் ஆபர்ன் இடுகாட்டோடு ஒப்பிட்டு நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: அப்னி பூங்கா, மரவியல் பூங்கா, திருச்சபை மறுப்பாளர், லோடிஜஸ் நாற்றுப்பண்ணை, மவுண்ட் ஆபர்ன், இடுகாட்டு வரலாறு

1. முன்னுரை

இறந்தோரை இடும் இடத்திற்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் இருவேறு பார்வைகளைக் கொண்டவை. இடுகாடு, சுடுகாடு, முதுகாடு என்னும் சொற்கள் அவ்விடத்தை ஊருக்குப் புறம்பான காடாகக் காண்கின்றன. தமிழ்க் கிறித்தவர் வழக்கிலுள்ள ‘கல்லறைத் தோட்டம்’ என்னும் தொடரோ அதனைப் பேணி வளர்க்கப்படும் தோட்டமாகக் காண்கிறது. காடு தானே வளர்வது. தோட்டத்திற்கு நாள்தோறும் அதனைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் வேண்டும். அவர் நீங்கினால் தோட்டமும் சில ஆண்டுகளில் காடாகிவிடும்.

இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள அப்னி பூங்கா தக்க சான்றாகிறது. பெயர்ப்பலகை தாங்கிய 2,500 வகை மரங்களும் புதர்ச்செடிகளும் கொண்ட தோட்டமாகத் தொடங்கிய அந்நிலம், ஒரு நூற்றாண்டைச் சற்றே கடந்த காலத்தில் அடர்ந்த காடாயிற்று. இம்மாற்றத்தைப் பராமரிப்புக் குறைவு என்ற ஒரே சொல்லால் விளக்குவது வழக்கம். பராமரிப்பு ஏன் குறைந்தது, மரங்களின் செலவை ஏற்க வேண்டியவர் யார் என்னும் வினாக்களை எழுப்பினால், விடை இடுகாட்டின் தொடக்கக்கால அமைப்பிலேயே அமைந்திருப்பது புலனாகும்.

2. மறுப்பாளரும் அடக்க உரிமையும்

இங்கிலாந்துத் திருச்சபையின் வழிபாட்டு ஒழுங்கையும் ஆயர் ஆட்சியையும் ஏற்காது தனிச்சபைகளாக இயங்கிய புரொட்டஸ்தாந்துக் கிறித்தவர்கள் மறுப்பாளர் எனப்பட்டனர். காங்கிரிகேஷனலிஸ்ட், பாப்டிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன் முதலிய பிரிவினர் இவருள் அடங்குவர். பங்குக் கோயிலின் கல்லறை வளாகத்தில் மறுப்பாளர் அடக்கம் செய்யப்படலாம். ஆயின் அங்கு இறுதிச் சடங்கை நடத்தும் உரிமை திருச்சபைக் குருவுக்கே இருந்தது. வாழ்நாள் முழுதும் ஒருவர் ஏற்க மறுத்த வழிபாட்டு நூலின் சொற்களே அவருடைய குழியருகே ஓதப்பட்டன. இந்நிலை 1880ஆம் ஆண்டின் அடக்கச் சட்டத் திருத்தம் வரை நீடித்தது.

இதனால் மறுப்பாளர் தமக்கெனத் தனி இடங்களைத் தேடினர். இலண்டன் நகரின் விளிம்பிலிருந்த பன்ஹில் ஃபீல்ட்ஸ் அவற்றுள் தலையாயது. ஜான் பனியன், டேனியல் டீஃபோ, பாடலாசிரியர் ஐசக் வாட்ஸ், கவிஞர் வில்லியம் பிளேக் ஆகியோர் அடக்கம் செய்யப்பட்ட இடம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்விடம் நிரம்பி வழிந்தது. 1801இல் ஏறத்தாழ 10 இலட்சமாக இருந்த இலண்டன் மக்கள்தொகை 1841இல் கிட்டத்தட்ட இரு மடங்காயிற்று. 1832ஆம் ஆண்டின் காலரா நோய் இடநெருக்கடியை மேலும் கடுமையாக்கியது. நகரக் கல்லறைகளின் சீர்கேட்டை மருத்துவர் ஜார்ஜ் ஆல்ஃபிரட் வாக்கர் 1839இல் நூலாக வெளியிட்டார்.

இச்சூழலில் கூட்டுப்பங்கு நிறுவனங்கள் நகருக்கு வெளியே பெரிய இடுகாடுகளை அமைக்கத் தொடங்கின. 1833இல் கென்சல் கிரீன் திறக்கப்பட்டது. 1841க்குள் இலண்டனைச் சுற்றி ஏழு இடுகாடுகள் தோன்றின. இவற்றுட் பலவும் நாடாளுமன்றச் சட்டத்தின்வழி அமைந்தவை. கென்சல் கிரீனில் நிலம் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதி ஆயரால் புனிதப்படுத்தப்பட்டது. மற்றொன்று மறுப்பாளருக்கென விடப்பட்டது. இரு பகுதிகளுக்கும் தனித்தனி வழிபாட்டுக் கூடங்கள் இருந்தன. உயிரோடிருந்தபோது மக்களைப் பிரித்த கோடு இறந்த பின்னும் நிலத்தில் வரையப்பட்டது.

அப்னி பூங்கா இக்கோட்டினைத் தவிர்த்தது. நாடாளுமன்றச் சட்டத்தை நாடாமல் அறக்கட்டளை ஆவணத்தின்வழி அது நிறுவப்பட்டது. நிலத்தின் எப்பகுதியும் ஆயரால் புனிதப்படுத்தப்படவில்லை. எல்லாப் பிரிவினருக்கும் ஒரே வழிபாட்டுக் கூடம் நடுவில் எழுப்பப்பட்டது. சடங்கினால் புனிதமாகாத நிலத்தில் தம் இறந்தோரை ஒப்படைக்க வருவோருக்கு, அந்நிலம் மதிப்புக்குரியது என்ற உறுதியை எதைக் கொண்டு வழங்குவது என்பது அதன் தோற்றுநர்கள் எதிர்கொண்ட சிக்கலாக இருந்தது. அவர்கள் நாடியவை இரண்டு. ஒன்று, நிலத்தின் பழைய நினைவு. மற்றொன்று, மரங்கள்.

3. நிலத்தின் முன்வரலாறு

இடுகாட்டிற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏறத்தாழ 32 ஏக்கர் நிலம் அப்னி மாளிகை, ஃபிளீட்வுட் மாளிகை ஆகிய இரண்டின் தோட்டங்களாக இருந்தது. ஃபிளீட்வுட் மாளிகை ஆலிவர் குராம்வெல்லின் மருமகனும் படைத்தலைவருமான சார்லஸ் ஃபிளீட்வுட்டின் பெயரைத் தாங்கியது. அப்னி மாளிகை, 1700-01இல் இலண்டன் மாநகரத் தலைவராக இருந்த சர் தாமஸ் அப்னியின் குடும்பத்திற்குரியது. அக்குடும்பத்தின் விருந்தினராக ஐசக் வாட்ஸ் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தார். தம் இறுதிக்காலத்தை இந்த மாளிகையிலேயே கழித்து 1748இல் மறைந்தார். வாட்சின் ஞானப்பாடல்கள் ஆங்கிலம் பேசும் புரொட்டஸ்தாந்துச் சபைகள் அனைத்திலும் பரவின. தமிழ்ச் சபைகளின் பாமாலை நூலிலும் அவற்றின் மொழிபெயர்ப்புகள் இடம்பெற்றுள்ளன.

தாமஸ் அப்னியின் மனைவி மேரி அப்னி இத்தோட்டத்தை வடிவமைத்தவராக அறியப்படுகிறார். எல்ம் மரங்கள் வரிசையாக நின்ற இரு நடைபாதைகள், வட எல்லையில் ஓடிய ஹாக்னி ஓடை, அதன் அருகிலிருந்த மேடு ஆகியவை வாட்சின் நினைவோடு இணைத்துப் பேசப்பட்டன. இடுகாட்டை அமைத்தோர் இப்பழைய மரங்களை வெட்டி நிலத்தைச் சமப்படுத்தவில்லை. அவற்றை அப்படியே நிறுத்தி, புதிய நடவுகளை அவற்றைச் சுற்றி அமைத்தனர். வாட்சின் உடல் இங்கில்லை; அது பன்ஹில் ஃபீல்ட்சில் உள்ளது. எனினும் 1845இல் சிற்பி எட்வர்ட் ஹாட்ஜஸ் பெய்லி வடித்த வாட்சின் சிலை இங்கு நிறுவப்பட்டது. உடலில்லாத இடத்தில் சிலை நின்றதற்கு, அவர் உலவியதாக நம்பப்பட்ட தோட்டம் தொடர்ந்து இருந்ததே நியாயமாயிற்று.

4. மவுண்ட் ஆபர்ன் என்னும் முன்மாதிரி

இடுகாட்டையும் தாவரக் கல்வியையும் இணைக்கும் எண்ணம் அப்னி பூங்காவில் முதன்முதலாகத் தோன்றியதன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகருக்கு அருகில் 1831இல் மவுண்ட் ஆபர்ன் இடுகாடு நிறுவப்பட்டது. மருத்துவரும் தாவரவியலாளருமான ஜேக்கப் பிகிலோ 1825 முதலே நகருக்கு வெளியே ஒரு தோட்ட இடுகாட்டை அமைக்க வேண்டும் என்று வலியுறுத்தி வந்தார். 1829இல் தோன்றிய மாசசூசெட்ஸ் தோட்டக்கலைக் கழகம் இவ்வெண்ணத்தை ஏற்றது. கழகத்திற்குச் செய்முறைத் தோட்டம் ஒன்று தேவைப்பட்டது. நிலம் வாங்கப் பணமில்லை. இடுகாட்டிற்கு நிலம் தேவைப்பட்டது. அதனை நிறுவி நடத்த ஓர் அமைப்பில்லை. இரு தேவைகளும் இணைந்து சுமார் 72 ஏக்கர் நிலம் பெறப்பட்டது.

இவ்விணைப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1835இல் இடுகாடு தனி அமைப்பாகப் பிரிந்தது. செய்முறைத் தோட்டத் திட்டம் கைவிடப்பட்டது. பிரிவினையின்போது, கல்லறை நில விற்பனை வருவாயில் நான்கில் ஒரு பங்கு தோட்டக்கலைக் கழகத்திற்கு உரியது என்று உடன்பாடு ஏற்பட்டது. எஞ்சியது இடுகாட்டின் மேம்பாட்டிற்கே செலவிடப்பட வேண்டும். கல்லறை நிலம் வாங்கியோரே புதிய அமைப்பின் உறுப்பினராயினர். அதில் இலாபம் பெறும் பங்குதாரர் எவரும் இல்லை. அப்னி பூங்காவின் பிற்கால வரலாற்றோடு ஒப்பிடும்போது இவ்விதியின் முக்கியத்துவம் விளங்கும்.

அப்னி பூங்காவின் தோற்றுநர்களுள் முதன்மையானவரான ஜார்ஜ் காலிசன் மவுண்ட் ஆபர்னை நன்கு அறிந்திருந்தார். 1840இல் அவர் வெளியிட்ட இடுகாடு பற்றிய நூல், பண்டைய அடக்க முறைகள், பாரிசின் பெர் லாஷேஸ், கீழைநாட்டு இடுகாடுகள், அமெரிக்க இடுகாடுகள் ஆகியவற்றை விவரித்து, அப்னி பூங்காவின் தாவரப் பட்டியலோடு முடிகிறது. ஓர் இடுகாட்டின் அறிமுக நூல் தாவரப் பட்டியலையும் தன்னுள் கொண்டிருப்பது, மரங்கள் அந்நிறுவனத்தின் நோக்கத்திலேயே இடம்பெற்றிருந்தன என்பதற்குச் சான்றாகும்.

5. அகரவரிசையில் நின்ற மரங்கள்

மரங்களை வழங்கி நடவுசெய்யும் பொறுப்பை ஹாக்னியிலிருந்த லோடிஜஸ் நாற்றுப்பண்ணை ஏற்றது. ஜெர்மானியரான கான்ராட் லோடிஜஸ் வளர்த்தெடுத்த அப்பண்ணை, அவர் மகன் ஜார்ஜ் லோடிஜஸ் காலத்தில் வெப்பமண்டல ஆர்க்கிட் செடிகளுக்கும் பெரும் பனையகத்திற்கும் பெயர் பெற்றிருந்தது. நத்தேனியல் வார்டு உருவாக்கிய கண்ணாடிப் பெட்டிகளைக் கொண்டு 1830களில் கடல்வழியே செடிகளை உயிரோடு கொண்டுவந்த முன்னோடிகளுள் ஜார்ஜ் லோடிஜசும் ஒருவர். அப்பண்ணை தன் சொந்த மரத்தொகுதியை அகரவரிசையில் நட்டுக் காட்சிப்படுத்தியிருந்தது. அதே முறை அப்னி பூங்காவிற்கும் வந்தது.

இடுகாட்டின் எல்லையை ஒட்டிச் சுற்றிவரும் பாதையில், தாவரவியற் பெயர்களின் ஆங்கில அகரவரிசைப்படி மரங்களும் புதர்ச்செடிகளும் நடப்பட்டன. மேப்பிள் வகைகளை உள்ளடக்கிய ஏசர் பேரினத்தில் தொடங்கிய வரிசை சாந்தோக்சைலம் பேரினத்தில் முடிந்தது. மொத்தம் 2,500 வகைகள். ஒவ்வொன்றிற்கும் பெயர்ப்பலகை இருந்தது. இவற்றோடு 1,029 வகை ரோஜாக்கள் கொண்ட தனித் தோட்டமும் அமைந்தது. 1840 மே மாதம் இடுகாடு திறக்கப்பட்டபோது மரங்கள் இளங்கன்றுகளாகவே நின்றன. கல்லறை ஒன்றேனும் தோன்றுமுன்பே அங்கு வந்தோர் கண்டது மரத்தொகுதியையே.

அதே ஆண்டு செப்டம்பரில் டார்பி நகரில் ஜோசப் ஸ்டிரட் அளித்த நிலத்தில், தோட்டக்கலை அறிஞர் ஜான் கிளாடியஸ் லௌடன் வடிவமைத்த மரவியல் பூங்கா திறக்கப்பட்டது. அது பொதுமக்களுக்கானது எனினும், வாரத்தில் இரு நாள்களே கட்டணமின்றி நுழைய முடிந்தது. கட்டணமின்றி மரங்களைக் கற்கும் வாய்ப்பை இடுகாடு ஒன்று வழங்கியது என்பது அக்காலச் சூழலில் குறிப்பிடத்தக்கது. பல்கலைக்கழக நுழைவு, பொதுப்பதவி ஆகியவற்றில் நெடுங்காலம் தடைகளைச் சந்தித்த மறுப்பாளர் சமூகம் தன்முயற்சிக் கல்விக்கு அளித்த மதிப்பை இங்கும் காணலாம்.

அகரவரிசையில் மரங்கள் நடப்பட்டதைச் சமயக் கொள்கையின் நேரடி வெளிப்பாடாகக் கொள்ள இயலாது. அது நாற்றுப்பண்ணையின் விற்பனைப் பட்டியல் முறை. பெயர்ப்பலகைகள் பண்ணைக்கு விளம்பரமாகவும் பயன்பட்டிருக்கும். எனினும் அம்முறை அமைந்த இடம் அதற்கு வேறொரு பொருளையும் அளித்தது. பங்குக் கோயில் வளாகத்தில் இடத்தின் மதிப்பு, கோயிலுக்கு எவ்வளவு அருகில் அடக்கம் செய்யப்பட்டார் என்பதைப் பொறுத்தது. அப்னி பூங்காவின் எல்லையில் நின்ற வரிசையோ எல்லாப் பக்கமும் ஒரே தன்மையதாக இருந்தது. புனிதப்படுத்தப்பட்ட பகுதி, படாத பகுதி என்ற பிரிவு அதில் இல்லை. சடங்கு செய்ய வேண்டியதாகக் கருதப்பட்ட எல்லை வகுக்கும் பணியை இங்கு மரங்கள் செய்தன.

கட்டடங்களிலும் இதே போக்கு தென்படுகிறது. கட்டடக்கலைஞர் வில்லியம் ஹாஸ்கிங் நுழைவாயிலை எகிப்திய பாணியில் அமைத்தார். அதற்கான சித்திர எழுத்துகளை எகிப்தியவியலாளர் ஜோசப் பொனோமி வகுத்தளித்தார். மனிதனின் அழியும் கூறு உறையும் இடத்தின் வாயில் என்பது அவற்றின் பொருள். எந்தக் கிறித்தவப் பிரிவுக்கும் சொந்தமில்லாத ஒரு பாணி வாயிலில் நின்றது. இடுகாடுகளில் எகிப்திய வாயில் அமைக்கும் வழக்கத்தைக் கோதிக் பாணியின் ஆதரவாளரான அகஸ்டஸ் பியூஜின் 1843இல் தம் நூலில் படத்தோடு எள்ளினார். அவர் எள்ளிய நடுநிலைத் தன்மையே மறுப்பாளருக்குத் தேவைப்பட்டது.

6. அடக்கம் செய்யப்பட்டோர்

சாதாரண மக்களோடு, அக்காலச் சீர்திருத்த இயக்கங்களின் முன்னணியினரும் இங்கு அடக்கம் செய்யப்பட்டனர். அடிமை முறைக்கு எதிராக எழுதிய ஒலாடா எக்கியானோவின் மகள் ஜோன்னா வாசா, சார்ட்டிஸ்ட் இயக்கத்தின் பிரான்டெர் ஓபிரையன், அமைதி இயக்கத்தின் ஹென்றி ரிச்சர்டு ஆகியோர் இவருள் சிலர். இரட்சணிய சேனையைத் தோற்றுவித்த கேத்தரின் பூத் 1890இலும் வில்லியம் பூத் 1912இலும் இங்கு அடக்கம் செய்யப்பட்டனர். நாகர்கோவிலில் இரட்சணிய சேனை நடத்திவரும் மருத்துவமனை இந்தக் கேத்தரின் பூத்தின் பெயரையே தாங்கியுள்ளது. குமரி மாவட்டத்தில் நன்கறியப்பட்ட அப்பெயருக்குரியவர் உறங்கும் இடம் இந்த மரங்களின் அடியில்தான்.

மொத்தத்தில் ஏறத்தாழ 2 இலட்சம் பேர் இந்நிலத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். இவ்வெண்ணிக்கையை 32 ஏக்கரோடு பொருத்திப் பார்த்தால் மரங்களுக்கு நேர்ந்தது எளிதில் விளங்கும்.

7. தோட்டம் காடான வரலாறு

இடுகாட்டு நிறுவனத்தின் விற்பனைப் பொருள் நிலம். ஒருமுறை விற்ற நிலத்தை மீண்டும் விற்க இயலாது. விற்பனை நடக்கும்வரை வருவாய் வரும். நிலம் தீர்ந்த பிறகு செலவு மட்டுமே எஞ்சும். மரங்களின் நிலையோ இதற்கு நேர்மாறானது. இளங்கன்றுகளாக இருக்கையில் இடமும் செலவும் குறைவாகவே வேண்டுகின்றன. ஐம்பது ஆண்டுகள் கழித்து அவை பெருமரங்களாகி, அதிக இடத்தையும் கவனிப்பையும் கோரும்போது, விற்பதற்குரிய நிலமும் வருவாயும் சுருங்கிவிடுகின்றன. ஒரு மரம் பரப்பியிருக்கும் நிலத்தில் பல கல்லறைகளை விற்கலாம் என்ற கணக்கு அப்போது முன்னுக்கு வருகிறது.

அப்னி பூங்காவில் இதுவே நிகழ்ந்தது. 1850களில் லோடிஜஸ் நாற்றுப்பண்ணை மூடப்பட்டதால், பட்டுப்போன மரங்களுக்கு ஈடாக அதே வகைகளை வழங்கும் மூலம் இல்லாமற்போயிற்று. 1880களில் இடுகாடு வணிக நோக்கிலான வரையறுக்கப்பட்ட நிறுவனத்தின் கைக்கு மாறியது. அந்நிறுவனம் சிங்ஃபோர்டு மவுண்ட் உள்ளிட்ட பிற இடங்களிலும் இடுகாடுகளை நடத்தியது. இலாபப் பங்கீட்டை எதிர்நோக்கும் அமைப்பில் மரப் பெயர்ப்பலகைகளுக்கு இடமில்லை. நடவுகளுக்கென விடப்பட்ட பகுதிகளும் பாதையோரங்களும் கல்லறைகளாயின. அகரவரிசை படிப்படியாகச் சிதைந்தது.

இம்முடிவை லௌடன் ஓரளவு முன்னுணர்ந்திருந்தார். 1843இல் வெளியான இடுகாட்டு அமைப்பு பற்றிய நூலில் அப்னி பூங்காவின் மரத்தொகுதியைக் குறிப்பிடும் அவர், இடுகாடு நிரம்பியதும் அதனைப் பொதுத் தோட்டமாக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். நிரம்பிய இடுகாட்டை வணிக நிறுவனம் பேண முடியாது என்ற உண்மை அக்கருத்தில் அடங்கியுள்ளது. ஆனால் அப்பொறுப்பை ஏற்கவேண்டிய பொது அமைப்பு அவர் காலத்தில் இல்லை. அடுத்த நூற்றாண்டில் அது வருவதற்குள் மரத்தொகுதி மறைந்துவிட்டது.

1970களில் நிறுவனம் கலைக்கப்பட்டது. வாயில்கள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. வழிபாட்டுக் கூடம் பாழடைந்தது. காற்றில் பரவும் விதைகளைக் கொண்ட ஆஷ் மரமும் சைக்கமோர் மரமும் கல்லறைகளுக்கிடையே தாமே முளைத்து எழுந்தன. சைக்கமோர் ஏசர் பேரினத்தைச் சேர்ந்தது. 1840இன் வரிசையில் முதலெழுத்துக்குரிய பேரினத்தின் ஒரு வகையே பிற எழுத்துகளின் இடத்தையும் நிரப்பியது.

1970களின் இறுதியில் ஹாக்னி நகர மன்றம் நிலத்தைப் பொறுப்பேற்றது. பின்னர் அது உள்ளூர் இயற்கைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. பட்ட மரங்களில் வாழும் பூச்சிகளுக்கும் பூஞ்சைகளுக்கும் இன்று அது அறியப்பட்ட புகலிடம். இங்குப் புதியதொரு முரண் எழுகிறது. தாமே முளைத்த மரங்களின் வேர்கள் கல்லறைக் கற்களைச் சாய்க்கின்றன. அவற்றை வெட்டினால் காட்டின் உயிர்ச்சூழல் குலைகிறது. கல்லறையைத் தேடிவரும் வழித்தோன்றலின் உரிமை, பழைய மரத்தொகுதியை மீட்க விரும்பும் தோட்டக்கலையாளரின் நோக்கம், காட்டைக் காக்க விரும்பும் இயற்கையியலாளரின் கோரிக்கை ஆகிய மூன்றும் ஒரே நிலத்தில் மோதுகின்றன. இவற்றுள் எதனையும் முறையற்றதெனத் தள்ள இயலாது.

மவுண்ட் ஆபர்ன் இதற்கு மாறான வழியில் சென்றது. இன்று சுமார் 175 ஏக்கர் பரப்புடைய அவ்விடுகாட்டில் அடக்கங்கள் தொடர்கின்றன. ஆயிரக்கணக்கான மரங்கள் பெயரோடு பேணப்படுகின்றன. நிலம் அதிகம் என்பது ஒரு காரணம். ஆயினும் இலாபப் பங்கீடற்ற அமைப்பும், கல்லறைப் பராமரிப்பிற்கென ஒதுக்கிச் சேர்க்கப்பட்ட நிரந்தர நிதியும் அடிப்படையானவை. நிலம் விற்றுப் பெற்ற தொகையின் ஒரு பகுதி, விற்க நிலமில்லாத காலத்திற்கென வைக்கப்பட்டது.

8. முடிவுரை

அப்னி பூங்கா, ஆயரின் சடங்கை நாடாமல் ஒரு நிலத்தை இறந்தோருக்குத் தக்க இடமாக்க முடியும் என்று காட்டியது. பழைய தோட்டத்தின் நினைவும், அனைவரும் கற்கத்தக்க மரவரிசையும் அதற்குத் துணைநின்றன. இறந்தோரை நிலையாகக் காக்கும் உறுதிமொழியின் அடையாளமாக மரங்கள் நடப்பட்டன. அவ்வுறுதிமொழியை நிறைவேற்றும் நிதியோ முதல் சில பத்தாண்டுகளுக்கு மட்டுமே போதுமானதாக இருந்தது.

ஆகவே இத்தகைய இடங்களின் வரலாற்றை எழுதுகையில் நடவுத் திட்டத்தையும் கட்டடக்கலையையும் ஆராய்வதோடு நிறுவன ஆவணங்களையும் வருவாய் விதிகளையும் இணைத்துப் பார்ப்பது இன்றியமையாதது. கல்லறைத் தோட்டம் தோட்டமாகவே நீடிக்குமா, காடாகுமா என்பது, கடைசிக் கல்லறை விற்கப்பட்ட மறுநாள் தோட்டக்காரருக்கு ஊதியம் தருபவர் யார் என்பதைப் பொறுத்தது. மவுண்ட் ஆபர்ன் அவ்வினாவுக்கு முன்கூட்டியே விடை தேடிற்று. அப்னி பூங்கா அவ்விடையை நூற்றாண்டுக்கும் மேலான காலத்திற்குப் பின்னர், பொதுமக்களின் வரிப்பணத்தில் கண்டது.